கரிசல் மண்ணில் பெர்கோலாவுக்குக் கால் குழி: மூன்றடி போதுமா?

கள்ளிக்குடிக்காரன்:

வணக்கம். திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடி பக்கம் வீடு. சுத்தக் கரிசல். வீட்டுக்குப் பின்னால் 12-க்கு 16 அடியில் ஒரு பெர்கோலா போட ஆசை. ஜிஐ பாக்ஸ் பைப்பில் ஆறு கால், மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பைப், அதில் முல்லைக்கொடி. ஷீட் எதுவும் போடப் போவதில்லை. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கொத்தனார் வந்து பார்த்தார். "காலுக்கு மூணுக்கு மூணு, மூணடி ஆழத்துக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, அடியில மேட் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுருவோம். சுத்தி மணலைப் போட்டுத் தண்ணி விட்டா கெட்டிச்சுப் போகும். யானையே ஏறினாலும் இறங்காது" என்றார்.

அவரிடம் சரி சொல்வதற்கு முன்னால் ஒரு குழியை மட்டும் நானும் தம்பியும் தோண்டிப் பார்த்தோம். பங்குனி வெயிலில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சில வெடிப்பில் மணிக்கட்டு வரை கை போகிறது. ஒன்றரை அடி வரை பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே கடப்பாரை தெறித்துத் திரும்புகிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் இறங்கினால், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் கரண்டியால் சுரண்டி எடுப்பதே வேலையாகிவிட்டது. மூன்றரை அடியிலும் கறுப்புதான். ஒரு விஷயம் புரியவில்லை: கீழே எடுத்த கட்டியை உடைத்தால் உள்ளே சாய்வாக, வழவழவென்று பளபளக்கும் முகங்கள் இருக்கின்றன. அதில் மெல்லிய கோடுகளும் உண்டு. அது என்ன?

வடக்குக் காம்பவுண்டு சுவரில் ஏற்கெனவே ஏணிப்படி மாதிரி விரிசல். முன்கேட் ஐப்பசியில் பூட்டாது, சித்திரையில் பூட்டும். அதனால்தான் பயமாக இருக்கிறது. மூன்றடி போதுமா? ஒரு பக்கத்தை வீட்டுச் சுவரிலேயே பிளேட் அடித்து மாட்டிவிட்டு, மறுபக்கம் மூன்று கால் மட்டும் போட்டால் செலவு குறையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் பக்கம்:

எங்களுக்கு நேரெதிர்ப் பிரச்சினை அண்ணே. இரண்டடி தோண்டினால் பாறை. நாங்கள் குழியே எடுக்கவில்லை. பாறைத் தலையைச் சுத்தமாகக் கழுவிக் காயவிட்டு, டிரில் போட்டு, துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி எடுத்துவிட்டு, கெமிக்கல் ஆங்கர் என்கிற ஒட்டுப் பசையில் போல்ட்டை நட்டோம். தூசி இருந்தால் பிடிக்காது, அது ஒன்றுதான் அதில் முக்கியம். அது நிஜமாகவே பாறைதானா, மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கல்லா என்று முதலில் பார்க்க வேண்டும். கடப்பாரையால் தட்டினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கு இது நேரடியாக உதவாது. ஆனால் கரிசலுக்குக் கீழே பல இடங்களில் சுக்கான், அதாவது சுண்ணாம்பு கலந்த கெட்டி மண், இருக்கும். உங்கள் ஊரில் கிணறு வெட்டியவர்கள், செப்டிக் டேங்க் எடுத்தவர்கள் யாரையாவது பிடித்து எத்தனை அடியில் சுக்கான் தட்டியது என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடலாம்.

பழைய சைட் சூப்பர்வைசர்:

தம்பி, உங்கள் கொத்தனார் சொன்னது உண்மைதான். யானை ஏறினாலும் இறங்காது. யானை ஏறாவிட்டால் மேலே ஏறும், அதுதான் சங்கதி.

எல்லோரும் அஸ்திவாரம் என்றால் பாரம் தாங்குவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். செம்மண்ணுக்கும் சரளைக்கும் அது சரி. கரிசல் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதிலுள்ள களிமண்ணின் குணம் அது. மான்ட்மோரிலோனைட் என்று பெயர், அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து பிரித்துவிடும். உப்பும்போது மேலே என்ன இருந்தாலும் தள்ளப் பார்க்கும். ஒரு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் அழுத்துகிற கரிசலும் உண்டு. உங்கள் பந்தலின் மொத்த இரும்பும், மேலே படரப்போகும் கொடியும் சேர்ந்தால்கூட ஒரு காலுக்கு நூறு கிலோ வருமா? மூன்றுக்கு மூன்று என்றால் ஒன்பது சதுர அடி. மண் அதைப் பொருட்படுத்தவே படுத்தாது. மாடி வீட்டுக்காவது சுவரின் கனம் மண்ணைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும். காம்பவுண்டு சுவர், கேட் தூண், பந்தல், வாசல் வளைவு மாதிரி எடை இல்லாத சமாச்சாரங்கள்தான் கரிசலில் முதலில் ஆடும். உங்கள் கேட் ஐப்பசியில் பூட்டாததும் அதனால்தான்.

பளபளக்கும் முகம் என்று கேட்டீர்களே, அதைக் கவனித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். மண் உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி, ஒரு கட்டி இன்னொரு கட்டியின் மேல் சறுக்கித் தேய்ந்த தடம் அது. மூன்றரை அடியில் அது இருக்கிறது என்றால், அந்த ஆழத்திலும் மண் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார் மூன்றடியில் நிறுத்தச் சொல்கிறார். அசைகிற மண்ணுக்கு நடுவில் கொண்டுபோய்க் காலை உட்கார வைப்பதற்கு எதற்கு அவ்வளவு கம்பி, அவ்வளவு சிமெண்ட்?

மணல் விஷயத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களிமண். நடுவில் ஒரு குழி, அதில் மணல். மழை பெய்தால் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் மணலுக்குள் வந்து நிற்கும். வெளியே போக வழி கிடையாது. நீங்களே காசு கொடுத்துக் காலடியில் ஒரு தொட்டி கட்டி வைத்த கணக்கு. குழியை நிரப்பியே ஆக வேண்டும் என்றால் செம்மண் கிராவலைக் கொஞ்சம் ஈரத்தோடு, அரையடி அரையடியாகப் போட்டு இடித்து நிரப்புங்கள். அல்லது தோண்டிய கரிசலையே போட்டு இடித்துவிடுங்கள், மணலைவிட அது மேல்.

இப்போது உங்களுக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று, அசையாத ஆழத்துக்குப் போய்விடுவது. இன்னொன்று, அசையட்டும் என்று விட்டுவிட்டு, அசைந்தால் சரிசெய்கிற மாதிரி கட்டுவது. மூன்றடியும் நான்கடியும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். செலவு முதல் வழியின் செலவு, பலன் இரண்டாவது வழியின் பலன்கூட இல்லை.

ஆழம் போகிற வழிக்கு நம் நாட்டிலேயே ஒரு முறை இருக்கிறது. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் (சிபிஆர்ஐ) கரிசலுக்கென்றே உருவாக்கிய அண்டர் ரீம் பைல், அதாவது அடி அகன்ற கான்கிரீட் கால். கை ஆகரால், அதாவது கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவியால், பத்தங்குலக் குழி, பன்னிரண்டடி ஆழம் வரை. அடியில் ஒரு கருவியை இறக்கிச் சுற்றினால் குழி அங்கே மட்டும் குடம் மாதிரி அகலும். தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலம், அதாவது பத்தங்குலத்துக்கு இருபத்தைந்து அங்குலம். மேலே மண் உப்பித் தண்டைப் பிடித்து இழுத்தாலும் அடியில் அகன்ற பகுதி கீழ்மண்ணில் மாட்டிக்கொண்டு விடாது. இதற்குக் கம்பி அடி முதல் நுனி வரை போக வேண்டும். பலர் மேலே மூன்றடிக்கு மட்டும் கூடு கட்டி இறக்குவார்கள். மண் மேல்நோக்கி இழுக்கிறது, அடி கீழே பிடிக்கிறது, நடுவில் கம்பி இல்லாவிட்டால் கான்கிரீட் படக்கென்று அறுந்துவிடும்.

இரண்டாவது வழி எளிது. இரண்டடிக் கனசதுரமாகக் கான்கிரீட் கட்டை. அதுவே ஐந்நூறு கிலோவுக்கு மேல் வரும், ஆடிக்காற்றுக்குத் தாங்கும். பைப்பை கான்கிரீட்டில் புதைக்காதீர்கள். மண்ணும் காற்றும் சேருமிடத்தில் இரும்பு துருப்பிடித்து அரித்துவிடும். கட்டையில் நான்கு போல்ட்டை நட்டு, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பேஸ் பிளேட் நிற்கட்டும். பிளேட்டுக்குக் கீழே ஒரு நட்டு, மேலே ஒரு நட்டு. ஒரு கால் அரை அங்குலம் ஏறிவிட்டால் ஸ்பேனரால் கீழ்நட்டைத் திருகி இறக்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு தடவை, மழை முடிந்த பிறகு தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்தால் போதும். கூரை இல்லாத பந்தலுக்கு இது மோசமான ஏற்பாடு இல்லை.

வீட்டுச் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள். வீடு ஒரு அளவுக்கு அசையும், பந்தல் வேறு அளவுக்கு அசையும். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது உங்கள் சுவர்ப் பூச்சும் பிளேட் போல்ட்டும்தான். ஓரடி தள்ளித் தனியாக நிற்கட்டும்.

மூலையில் வேப்பமரம் ஏதாவது இருக்கிறதா? சமையலறைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? அதையும் சொல்லுங்கள்.

சிவில் படிக்கிறவன்:

சூப்பர்வைசர் ஐயா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. ஐஎஸ் 2911 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம் இந்த அண்டர் ரீம் பைலுக்கானதுதான். ஆழமான கரிசலில் பைல் நீளம் குறைந்தது 3.5 மீட்டர் என்று அதில் இருக்கிறது. ஐயா சொன்ன பன்னிரண்டடிக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம் அண்ணா. நன்றாகக் காயவைத்துப் பொடித்த மண்ணை நைஸ் சல்லடையில் சலித்துப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு எடுங்கள். 100 மில்லி அளவுச் சிலிண்டர் இரண்டு. ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அது. கிளறி, குமிழி போன பிறகு 24 மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு, அடியில் படிந்த மண் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று இரண்டிலும் பாருங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அதனால் வித்தியாசம்தான் உப்பலின் அளவு. வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 50-க்குக் கீழே என்றால் சாது மண், 50 முதல் 100 வரை நடுத்தரம், நூறைத் தாண்டினால் முரட்டு மண். லேபில் 425 மைக்ரான் சல்லடையும் அடுப்பும் வைத்துச் செய்வார்கள், வீட்டில் செய்தால் கொஞ்சம் முன்னே பின்னே வரும்.

இன்னொன்று, உப்பாத கிராவலைத் தடிமனாகப் போட்டுக் கீழேயுள்ள கரிசலை அமுக்கி வைக்கும் முறையும் இருக்கிறது. ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கட்டி செய்த ஆராய்ச்சி. கால்வாய் வேலைகளில் பயன்படுத்துகிறார்கள். ஆறு காலுக்கு அது கட்டுப்படியாகாது.

பேரையூர் தோட்டத்துக்காரி:

நான் இன்ஜினியரும் இல்லை, கொத்தனாரும் இல்லை. பந்தல் போட்டுக் கொடி வளர்ப்பவள். எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள், முல்லையை யாரும் கேட்கவில்லையே.

முல்லையை எங்கே வைப்பீர்கள்? காலடியில்தானே? தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவீர்கள்தானே? அப்படியானால் செடி இருக்கிற கால் மட்டும் கோடையிலும் ஈரத்தில் நிற்கும், செடி இல்லாத கால் காய்ந்து கிடக்கும். எங்கள் பாகல் பந்தலில் கால்வாய் ஓரத்துக் கல்கால் மட்டும் எப்போதும் சாய்வதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். செடியைக் காலிலிருந்து மூன்றடி தள்ளி, பந்தலுக்கு வெளிப்பக்கமாக வையுங்கள். ஒரு கயிற்றைக் கட்டி ஏற்றிவிட்டால் முல்லை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் பெரிய சிமெண்ட் தொட்டியில் வையுங்கள்.

இரும்புதான் வேண்டுமா? கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலெல்லாம் கல்காலில்தான் நிற்கிறது. துரு கிடையாது, பெயிண்ட் கிடையாது. சாய்ந்தால் நிமிர்த்தி மண்ணை இடித்துவிட்டுப் போகலாம். மேலே கம்பி வலைதான், அது வளைந்துகொடுக்கும். பைப்பை வெல்டிங் வைத்து விறைப்பாகக் கட்டினால்தான் ஒரு கால் ஏறினால் எல்லாம் முறுக்கும்.

பழைய சைட் சூப்பர்வைசர்:

தோட்டத்தம்மா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருந்தாலே கரிசல் பாதி அடங்கிவிடும். மண் ஈரமாக இருப்பது தப்பில்லை, ஒரு பக்கம் ஈரம் ஒரு பக்கம் காய்ச்சல் என்பதுதான் தப்பு.

கல்கால் நல்ல யோசனைதான். ஆனால் தம்பி நாற்காலி போட்டு உட்காரப் போகிறார், தலைக்கு மேல் கனமான கல் சாய்கிற ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. தோட்டத்துக்குச் சரி.

கள்ளிக்குடிக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

வேப்பமரம் இருக்கிறது, தென்மேற்கு மூலையில். பந்தலின் ஒரு கால் அதிலிருந்து பத்தடிதான். சமையலறைத் தண்ணீர் வாழைக்குப் போகிறது, அது எதிர்மூலை.

மண்ணெண்ணெய் கிடைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு பாட்டிலில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டார், மண்ணுக்கு என்றேன், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மண்ணெண்ணெயில் 11 கோடு, தண்ணீரில் 20. கணக்குப் போட்டால் 82 வருகிறது. நடுத்தரத்தில் மேல்தட்டு.

மேலூர்த் தம்பி சொன்னபடி விசாரித்தேன். எங்கள் தெருவில் கிணறு வெட்டிய பெரியவர் ஒருவர், ஏழடியில் வெள்ளைச் சுக்கான் வந்தது, அதற்கப்புறம் கடப்பாரைக்கு மசியவில்லை என்கிறார். அடுத்த மனையில் செப்டிக் டேங்க் எடுத்தவரும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார்.

பன்னிரண்டடி, குடம் மாதிரி அகலம் எல்லாம் இங்கே செய்ய ஆள் கிடைக்குமா தெரியவில்லை. மரம் நட குழி போடும் ஆகர் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து ஏதாவது செய்யலாமா? ஆறு காலையும் தரையில் பெல்ட், அதாவது கான்கிரீட் உத்தரம், போட்டு இணைக்க வேண்டும் என்று கொத்தனார் இப்போது சொல்கிறார், அதுவும் தேவையா?

பழைய சைட் சூப்பர்வைசர்:

ஏழடியில் சுக்கான் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் தம்பி. பன்னிரண்டடியை மறந்துவிடுங்கள்.

பத்தங்குல ஆகரால் சுக்கான் வரை இறக்கி, சுக்கானுக்குள் ஓரடி குடையச் சொல்லுங்கள். மெஷின் ஆகர் மூன்றடியோடு நின்றுவிடும், நீட்டுக் கம்பி மாட்டினால் போகும், இல்லையென்றால் கை ஆகர். குழியின் அடியில் உதிரி மண் ஒரு சட்டிகூட நிற்கக் கூடாது, நீளக் கரண்டி விட்டு எடுத்துவிடுங்கள். ஏழடி என்று ஊரார் சொன்னதை நம்பி நிறுத்தாமல் ஆறு குழியிலும் வெள்ளை மண் ஆகரில் ஏறி வருகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். சுக்கான் ஒரே மட்டமாக ஓடாது.

அகலப்படுத்தும் கருவி இல்லாததால் வேறு ஒரு வேலை செய்ய வேண்டும். மேலே ஐந்தடிக்கு மண் தண்டைப் பிடிக்கவே விடக் கூடாது. பிடித்தால் ஒவ்வொரு மழைக்கும் பனங்கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கனமான பாலிதீன் ஷீட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, இரண்டுக்கும் நடுவில் கிரீஸ் தடவி, குழியின் மேல் ஐந்தடிக்கு இறக்கிவிட்டு உள்ளே கான்கிரீட் போடுங்கள். பெரிய பிவிசி பைப் கிடைத்தால் இன்னும் சுத்தம். கீழே மூன்றடி மட்டும் சுக்கானோடும் கெட்டி மண்ணோடும் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும்.

கம்பி பத்து எம்எம் நான்கு, முழு நீளத்துக்கும். ரிங் எட்டங்குலத்துக்கு ஒன்று. கூட்டைக் குழியின் சுவரில் சாயவிடாமல் சுற்றிலும் இரண்டங்குலக் கவர் பிளாக், அதாவது சின்னச் சிமெண்ட் கட்டைகள், வைத்து இறக்குங்கள். கலவை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று; முக்கால் அங்குல ஜல்லி. எட்டடிக் குழிக்கு நாலரைக் கன அடிதான் பிடிக்கும், அதாவது ஒரு மூட்டை சிமெண்ட்டும் கொஞ்சமும். கொத்தனாரின் மூன்றுக்கு மூன்று குழியில் இருபத்தேழு கன அடி மண் அள்ள வேண்டியிருந்தது, அதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி வாயில் கான்கிரீட் வழிந்து குடைக்காளான் மாதிரி அகலவிடாதீர்கள். கடைசியில் அவசரத்தில் எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். அந்த விளிம்புக்குக் கீழே மண் உப்பினால் மேலே செய்த வேலையெல்லாம் வீண். ஒரு தகர வளையம் வைத்து வாயை நேராக நிறுத்துங்கள், தலையைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் நிற்காது. தோண்டிய அன்றே கான்கிரீட் போட்டுவிட வேண்டும். இரவெல்லாம் திறந்து கிடந்தால் சுவர் காய்ந்து உதிரும்.

பெல்ட் வேண்டாம். கூரையும் சுவரும் இல்லாத இடத்தில் பெல்ட் எதைத் தாங்கப் போகிறது? அவர் விடாப்பிடியாக நின்றால், பெல்ட்டுக்கு அடியில் மூன்றங்குலம் காலி விடச் சொல்லுங்கள். மண்ணில் பட்டுக்கொண்டு கிடக்கும் பெல்ட்டை உப்பல் தூக்கும், பெல்ட் ஆறு காலையும் சேர்த்துத் தூக்கும்.

வேப்பமரத்துப் பக்கத்துக் கால்தான் எனக்குச் சந்தேகம். வேர் கோடையில் அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சிவிடும். பந்தலை மரத்திலிருந்து இன்னும் ஐந்தாறு அடி தள்ள இடம் இருந்தால் தள்ளுங்கள். இடம் இல்லையென்றால் மரத்தை வெட்டாதீர்கள், வெட்டினால் காய்ந்த மண் ஈரம் திரும்பி அங்கே மட்டும் உப்பும், அது வேறு தலைவலி. அந்த ஒரு காலை மட்டும் இன்னும் ஓரடி ஆழம் கூட்டிக்கொள்ளுங்கள். வாழைக்குப் போகும் தண்ணீரை ஒரு பைப் போட்டு இன்னும் தள்ளி விடுங்கள்.

பேஸ் பிளேட்டும் இரட்டை நட்டும் எப்படியும் வைத்துவிடுங்கள். நாற்பது ஐம்பது ரூபாய் நட்டு, தேவைப்படாமல் போனால் போகட்டும். வேலை தொடங்கும்போது முதல் குழியின் மண்ணை ஆழ வரிசையாகத் தரையில் கொட்டி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கள்ளிக்குடிக்காரன்:

போடுகிறேன் ஐயா. கொத்தனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப மூணுக்கு மூணு வேண்டாங்கிறீங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஆகர் ஆளை அவரே கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.